தொகுப்பு காத்த மலைப்பாட்டு
ராக் பாடகர்களின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்புகள் தலைமுறை தாண்டி நிற்கப் பாட்டின் தரம் மட்டும் காரணமன்று. தேர்ந்து சேர்த்த கைக்கும் அதில் பங்குண்டு. சங்கப் பாட்டுக்கும் இது பொருந்தும்; ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாமே சான்று. முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் பையில் கட்டிச் சுமந்து கூத்தர் மலையேறும் அந்த 583 அடிகள், பத்துப்பாட்டுத் தொகுப்பின் கடைசிப் பாட்டாகச் சேர்ந்ததால்தான் பிழைத்தன என்பேன். நச்சினார்க்கினியர் பத்துக்கும் சேர்த்தே உரை கண்டார், உ.வே.சாமிநாதையர் 1889இல் அவ்வுரையோடு அச்சேற்றினார்.

தொகுப்பு மற்றப் பாடல்களை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். மறைக்கும்தான். ஆனால் தொகுப்பே இல்லாவிட்டால் எல்லாமே மறைந்துபோகலாம்: இறையனார் களவியல் உரை குறிப்பிடும் முதுநாரை, முதுகுருகு என்னும் பழைய நூல்கள் இன்று வெறும் பெயர்களே. செங்கம் பக்கம் போகிறவர்கள் மலைபடுகடாத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.