ஐம்பது பவுண்டு அபராதம்

நாற்று, உழவு, ஆட்டுக்குட்டி என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் இன்றைக்கு இங்கிலாந்துக் கதை எழுத வந்திருக்கேன். சிரிக்காதீங்க. கொரோனா காலத்தில் அந்த நாட்டில் நடந்த ஒரு சங்கதியை விடாமல் படித்து வந்தேன். சட்டம் போட்டவர்களே சட்டத்தை மீறினார்கள், சனங்கள் கொதித்துப்போனார்கள், பதவியில் இருந்த பிரதமரே அபராதம் கட்டினார். அந்தக் கோபம் ஏன் அவ்வளவு பெரிசாச்சு என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம் நாட்டில் 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின நாள் ராத்திரி பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில் வந்து, எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னார். சாப்பாட்டுச் சாமான் வாங்கலாம், ஆஸ்பத்திரி போகலாம், வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்குப் போகலாம், நாளைக்கு ஒரு தடவை நடக்கவோ ஓடவோ செய்யலாம். அவ்வளவுதான். கல்யாணம் கிடையாது. சாவுக்கு மட்டும் நெருங்கின சொந்தம் சில பேர் போகலாம். மார்ச் 26-இல் அது சட்டமாச்சு. மீறினால் போலீஸ் அபராதம் போடும்.

பெரும்பாலான சனங்கள் சொன்னதைக் கேட்டார்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏன்னா பின்னால் வந்த கோபத்துக்கு இதுதான் வேர். முதியோர் இல்லத்தில் இருந்த அம்மாவை ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவரிடம், நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்த போன் வழியாகக் கடைசி வார்த்தை பேசினார்கள்.

2020 அக்டோபரில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் ஓர் இறுதிச் சடங்கு. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். மகன்கள் ரெண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைக்கிறார்கள். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஊழியர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்து, நாற்காலியைப் பழைய இடத்திலேயே போடச் சொல்கிறார். அவர்களும் போட்டார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லையே.

இப்ப மறுபக்கம் வருவோம். முதலில் மாட்டியது ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட். வீட்டில் இருங்கள் என்று டிவி விளம்பரத்தில் வந்து சொன்னவரே அவர்தான். ஆனா, எடின்பரோவில் வீடு இருக்க, பைஃப் கடற்கரைப் பக்கம் இருந்த இன்னொரு வீட்டுக்கு ரெண்டு தடவை போய்வந்திருந்தார். பத்திரிகையில் போட்டோ வந்தது. 2020 ஏப்ரல் 5 ராத்திரியே பதவி விலகினார். அதே சமயம் நியூசிலாந்தில் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க், ஊரடங்கில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த கடற்கரைக்குப் போனார். நான் ஒரு முட்டாள் என்று அவரே சொன்னார். பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அவரை அமைச்சரவை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார். ஜூலையில் அவர் பதவியை விட்டார்.

இந்த ரெண்டு இடத்திலும் சனங்களுக்குக் கோபம் வந்தது. ஆனா தப்பு தப்புதான் என்று சம்பந்தப்பட்டவங்களே ஒத்துக்கொண்டார்கள். அதனால் கோபம் ஓரளவுக்கு ஆறியது.

ஆறாத கோபம் டாமினிக் கம்மிங்ஸ் விஷயத்தில் ஆரம்பித்தது. ஜான்சனுக்கு வலதுகை மாதிரி இருந்த தலைமை ஆலோசகர். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கொரோனாவாக இருக்கலாம் என்ற நிலைமையில், 2020 மார்ச் 27-இல் லண்டனிலிருந்து காரில் கிளம்பி, சுமார் 420 கிலோமீட்டர் தள்ளி டர்ஹாமில் இருந்த தன் அப்பாவின் பண்ணைக்கு மனைவியையும் 4 வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். ரெண்டு பேருக்கும் முடியாமல் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஏப்ரல் 12-இல் அங்கிருந்து பார்னார்ட் காசில் என்ற ஊருக்கு ஒரு கார் பயணம். மே 22-இல் விஷயம் வெளியே வந்தது. மே 25-இல் பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொன்னார். நோயில் கண் பார்வை மங்கியிருந்ததாம், லண்டனுக்குத் திரும்ப ஓட்ட முடியுமா என்று சோதித்துப் பார்க்கத்தான் அந்தப் பயணமாம். கண்ணு தெரியுதான்னு பார்க்க, பெண்டாட்டி பிள்ளையைக் காரில் வைத்து ஓட்டிப் பார்த்த கதையைக் கேட்டு நாடே கேலி பேசியது. டர்ஹாம் போலீஸ், பார்னார்ட் காசில் பயணம் சின்ன மீறலாக இருக்கலாம் என்று சொல்லி அதோடு விட்டுவிட்டது.

ஜான்சன் அவரைக் கைவிடவில்லை. ஒரு தகப்பனின் இயல்பான உணர்வுப்படிதான் நடந்தார், பொறுப்போடும் சட்டப்படியும்தான் நடந்தார் என்று சொன்னார். அந்த ஒரு பேச்சுதான், பாருங்க, சனங்களின் நெஞ்சில் குத்தியது. அப்ப, விதிக்குக் கட்டுப்பட்டு வீட்டிலேயே கிடந்த தகப்பன்களுக்குப் பிள்ளைப் பாசம் இல்லையா? கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு உணர்வு இல்லையா?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஊரடங்கு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களிடம் தொடர்ந்து கேள்வி கேட்டு வந்தார்கள். மே 22-க்குப் பிறகு இங்கிலாந்தில் அரசாங்கத்தின் மேல் இருந்த நம்பிக்கை சடக்கென்று சரிந்ததையும், தனி அரசு இருக்கும் ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் அப்படிச் சரியவில்லை என்பதையும் அவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

எங்க பக்கத்து வழக்கத்தை வைத்துச் சொன்னால் இது இன்னும் விளங்கும். கண்மாயில் தண்ணி குறைந்த வருஷம் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். கடைமடைக்காரன் தன் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டே முறைக்குக் காத்திருப்பான். வரப்பில் ஒரு மண்வெட்டு வெட்டினால் தண்ணி வந்துவிடும், ஆனா வெட்ட மாட்டான். எல்லாருக்கும் அதே முறைதான் என்ற நம்பிக்கை. பக்கத்து வயல்காரன் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திருப்பினால் சண்டை வரும், ஊர் கூடி அபராதம் போடும், முடிந்தது. முறை எழுதி வைத்த பெரிய மனுஷனே தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால்? தண்ணி போனது கூட ரெண்டாவது. இத்தனை நாளும் காத்திருந்தவன், "அப்ப நான் என்ன கிறுக்கனா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வான். அடுத்த தடவை எவனும் முறைக்கு உட்கார மாட்டான்.

இங்கிலாந்தில் பெரிய வெடி 2021 நவம்பர் 30-இல் வெடித்தது. முந்தின வருஷம் ஊரடங்குக் காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன என்று டெய்லி மிரர் எழுதியது. விதிகள் அத்தனையும் கடைப்பிடிக்கப்பட்டன என்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒரு வாரத்தில் ஐடிவி ஒரு வீடியோவை வெளியிட்டது. 2020 டிசம்பர் 22-இல், பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று அலுவலகத்து ஆட்கள் ஒத்திகை பார்த்தது அது. நாலு நாள் முன்னால் நடந்த கிறிஸ்துமஸ் கூத்தைப் பற்றிக் கேள்வி வருகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். டிசம்பர் 19-இல்தான் லண்டன் சனங்களிடம், கிறிஸ்துமசுக்கு வேறு வீட்டாரோடு சேராதீர்கள் என்று ஜான்சன் சொல்லியிருந்தார். அந்தக் கிறிஸ்துமசைத் தனியாகக் கழித்தவர்கள் ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 2020 மே 20-இல் பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் கூட்டம். குடிக்கிற சரக்கை அவரவர் கொண்டு வாங்க என்று நூறு பேருக்கு மேல் ஈமெயில் போயிருக்கிறது. அதே நாள் ஓர் அமைச்சர் டிவியில் நின்று, வெளி ஆள் ஒருத்தரை மட்டும் ரெண்டு மீட்டர் தள்ளி நின்று சந்திக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்று 2021 ஏப்ரல் 16 ராத்திரி நடந்த ரெண்டு பிரிவு உபசார விருந்து. மறுநாள் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. விதிக்குக் கட்டுப்பட்டு எலிசபெத் ராணி கறுப்பு முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விருந்துக்காக அரண்மனையிடம் பிரதமர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

தோட்டக் கூட்டத்தில் 25 நிமிஷம்தான் இருந்தேன், அது வேலை சம்பந்தமானது என்று நம்பினேன் என்றார் ஜான்சன். போலீஸ் விசாரித்து 83 பேருக்கு 126 அபராதம் போட்டது. 2020 ஜூன் 19-இல் ஆபீசிலேயே நடந்த தன் பிறந்தநாள் கூட்டத்துக்காக ஜான்சன் அபராதம் கட்டினார். அவர் மனைவியும், அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்கும் கட்டினார்கள். தலைக்கு 50 பவுண்டு. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாக முடிவான முதல் பிரிட்டன் பிரதமர் ஜான்சன். 30 பேருக்கு மேல் கூட்டம் சேர்க்கிறவனுக்கு 10,000 பவுண்டு அபராதம் என்று 2020 ஆகஸ்டில் விதி போட்டது அவர் அரசாங்கம்தான்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் சொன்னார்கள். பகல் ராத்திரியாக ஒன்றாகவே வேலை பார்த்த ஆட்கள், பொழுது சாய்ந்து ஒரு கிளாஸ் குடித்தால் என்ன கெட்டுப்போச்சு என்று. வாஸ்தவம், பெரிசா ஒன்றும் கெட்டிருக்காது. ஆனா அதே நியாயம் ஆஸ்பத்திரி நர்சுக்கும் உண்டு, மில்டன் கீன்சில் நாற்காலியை நகர்த்திய மகன்களுக்கும் உண்டு. விதி அளவுக்கு மீறிக் கடுமை என்று மேலே இருந்தவர்களுக்குத் தோன்றியிருந்தால், எல்லாருக்கும் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தும் அதிகாரம் அவர்கள் கையில்தான் இருந்தது. தங்களுக்கு மட்டும் தளர்த்திக்கொண்டார்கள். மத்தவங்க ஐம்பது பவுண்டு கட்டினாலும் திரும்பக் கிடைக்காத சாவுகளை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

இதில் நார்வே நடந்துகொண்ட விதம் வேறு. பிரதமர் எர்னா சோல்பர்க் தன் 60-ஆவது பிறந்தநாளுக்கு 2021 பிப்ரவரியில் குடும்பத்தோடு விருந்து வைத்தார். பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி இருந்தது. 13 பேர் கூடிவிட்டார்கள். அவர் அன்றைக்குக் கண் வைத்தியத்துக்குப் போனதால் அந்த விருந்தில் இல்லவே இல்லை. ஆனாலும் ஏற்பாட்டில் அவருக்குப் பங்கு உண்டு என்று போலீஸ் ஏப்ரலில் 20,000 குரோனர் அபராதம் போட்டது. சாதாரணமாக இதுமாதிரி விஷயத்துக்கு அபராதம் போடுவதில்லை, விதியை அறிவித்தவரே அவர் என்பதால் போடுகிறோம் என்று போலீஸ் அதிகாரி விளக்கினார். அவரும் மன்னிப்புக் கேட்டார். பெரிய பதவி என்றால் பெரிய கணக்கு என்பது அங்கே போலீசுக்குப் புரிந்திருக்கிறது.

இங்கிலாந்துக்கும் இது தெரியாத பாடம் இல்லை. 1665-இல் லண்டனில் பிளேக் வந்தது. நோய் கண்ட வீட்டைப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, வீட்டாரை 40 நாள் உள்ளேயே வைத்துக் காவல் போட்டார்கள். ராஜா இரண்டாம் சார்லஸும் அரண்மனைக் கூட்டமும் ஊரை விட்டே கிளம்பி, கடைசியில் ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார்கள். அதே நோய், லண்டனிலிருந்து வந்த துணிமூட்டை வழியாக டெர்பிஷயரில் ஈம் என்ற மலைக்கிராமத்துக்கும் வந்தது. 1666 ஜூனில் அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் மோம்பெசன், பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியையும் சேர்த்துக்கொண்டு சனங்களிடம் பேசினார். சுத்துப்பட்டி ஊர்களுக்கு நோய் போகாமல் இருக்க, எல்லையைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று ஊரே ஒத்துக்கொண்டது. எல்லைக் கல்லில் குழி வெட்டி, வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுச் சாமானை வைத்துவிட்டுப் போவார்கள். தங்கள் பிணத்தைத் தாங்களே புதைத்தார்கள். சுமார் 260 பேர் செத்தார்கள். மோம்பெசன் எல்லை போடுவதற்கு முன்பே தன் பிள்ளைகளை வெளியூர் அனுப்பியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனா எல்லை போட்ட பிறகு அவரும் மனைவி கேத்தரினும் உள்ளேதான் இருந்தார்கள். ஆகஸ்டில் கேத்தரின் அந்த நோயிலேயே செத்துப்போனார். சொன்னவர் தாண்டவில்லை, ஊரும் தாண்டவில்லை.

ஜான்சன் 2022 ஜூலை 7-இல் பதவி விலகுவதாக அறிவித்தார். அப்போதைக்குக் காரணம் வேறு விவகாரம்தான், ஆனா நம்பிக்கை முன்னாடியே அரித்துப்போயிருந்தது. 2023 ஜூனில் நாடாளுமன்றக் குழு, அவர் விருந்துகள் பற்றித் தெரிந்தே சபையைத் தவறாக நம்பவைத்தார் என்று அறிக்கை கொடுத்தது. அதற்குச் சில நாள் முன்னால் எம்பி பதவியையும் விட்டுவிட்டார்.

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, தேம்ஸ் நதியின் அந்தக் கரையில் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. 2021 மார்ச்சிலிருந்து, கொரோனாவில் செத்தவர்களின் குடும்பத்தார் ஓர் உயிருக்கு ஒரு சிவப்பு இதயம் என்று அதில் வரைந்து வருகிறார்கள். சுமார் அரைக் கிலோமீட்டர் தூரம் போகிறது. பல இதயங்களுக்குள் பெயர் எழுதியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்துப்போகும். அவர்கள் திரும்ப வந்து அதே இடத்தில் அதே பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள்.