கோப்பின் வழியும் நிற்குமிடமும்: கணினியில் முகவரி வளர்ந்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பெருந்தெருவின் ஓரத்தே நடப்பட்டுள்ள தூரக்கற்கள் கொழும்பிலிருந்தே தம் கணக்கைத் தொடங்குகின்றன. கடுகண்ணாவை ஏற்றத்தில் நிற்கும் ஒரு கல்லின் எண், அதனைப் பார்ப்பவன் எத்திசையிலிருந்து வந்தாலும் மாறுவதில்லை. ஆனால் கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று வழி கேட்பவனுக்குக் கிடைக்கும் விடை வேறு வகையினது. 'நேரே சென்று இடப்பக்கம் திரும்புக' என்பர். அவ்விடையை மனத்திற் கொண்டு ஒருவன் வாவிக்கரையிலிருந்து நடக்கத் தொடங்குவானாயின் அவன் சேருமிடம் முற்றிலும் வேறாகும். விடை பிழையன்று; நின்ற இடமே பிழை.

கணினியிற் செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று இவ்வேறுபாட்டினின்றே பிறக்கின்றது. விடுதி அறையிற் பழுதின்றி இயங்கிய செயற்றிட்டம் ஆய்வுகூடத்துக் கணினியில் 'கோப்பு காணப்படவில்லை' என்ற ஒற்றை வரியுடன் நின்றுவிடுகின்றது. கோப்பு அங்கேதான் இருக்கின்றது. கண்ணாற் காணவும் முடிகின்றது. இதனைக் கற்போனின் கவனக்குறைவு என்று கூறி ஒதுக்குவது எளிது. எனினும் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விடர் கணினி தோன்றிய நாள்தொட்டு அதனுடன் கூடப்பிறந்ததொன்று என்பதும், மிகத் தேர்ந்தவர்களும் இதில் இடறியுள்ளனர் என்பதும் புலனாகும்.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி தன் முதற் செய்நிரலை இயக்கியது. அன்று கோப்பு என்ற எண்ணமே இல்லை. துளையிட்ட காகித நாடாவே எல்லாம். பலருக்கும் பயன்படும் கணக்கீடுகளைத் தனித்தனி நாடாக்களிற் சேமித்து, வேண்டியபோது புதிய செய்நிரலின் நாடாவிற் படியெடுத்துச் சேர்த்தனர். ஆயின் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. அக்கணக்கீட்டிலுள்ள கட்டளைகள் நினைவகத்தின் இன்ன எண்ணுடைய இடத்துக்குச் செல்க எனக் கூறுவன. ஒரு செய்நிரலில் அக்கணக்கீடு 100ஆம் இடத்திலிருந்தும் மற்றொன்றில் 250ஆம் இடத்திலிருந்தும் தொடங்குமாயின் உள்ளிருக்கும் எண்கள் யாவும் பொய்த்துவிடும். அக்காலத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர் இதற்கு வழி கண்டார். கட்டளைகளில் உள்ள எண்களைக் கணக்கீட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணி எழுதச் செய்து, நாடாவைக் கணினி வாசிக்கும் வேளையிலேயே தொடக்க இடத்தின் எண்ணை அவற்றோடு கூட்டுமாறு அவர் அமைத்தார். சார்பு முகவரி என்று இன்று நாம் கூறுவதன் வேர் இதுவே எனலாம்.

காந்தத் தட்டுக்கள் பெருகி, ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கியபோது பெயர்களின் நெரிசல் எழுந்தது. இருவர் தத்தம் கோப்புக்கு ஒரே பெயரைச் சூட்டினால் என் செய்வது? 1965இல் றொபேட் டேலி, பீற்றர் நியூமன் ஆகிய இருவரும் மல்ற்றிக்ஸ் என்னும் முறைமைக்கென வெளியிட்ட கட்டுரையில், கோப்புறைக்குள் கோப்புறையாக மரம்போற் கிளைத்துச் செல்லும் அமைப்பையும், வேரிலிருந்து கோப்பு வரையுள்ள பெயர்களைத் தொடுத்தால் அதுவே கோப்பின் முழுப்பெயராகும் என்ற கருத்தையும் விளக்கினர். மரத்தின் ஏதேனும் ஓரிடத்தைத் தற்போதைய பணியிடமாகக் கொண்டு அங்கிருந்து சுருக்கமாகப் பெயர் சுட்டும் வசதியும் அதில் இருந்தது.

இம்முறை நம்மவர்க்குப் புதுமையானதன்று என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. கண்டிப் பிரதேசத்துச் சிங்கள மக்களின் பெயர்களில் குடியின் பெயரும் வீட்டின் பெயரும் முன்னே வர, ஆளின் பெயர் இறுதியில் வருகின்றது. தமிழர் தந்தையின் பெயரெழுத்தை முன்னிறுத்தித் தம் பெயரைப் பின்னர் எழுதுவதும் அவ்வாறே. அஞ்சலுறையில் மட்டும் நாம் இதனைத் தலைகீழாக்கி, ஆளிலிருந்து நாட்டுக்கு ஏறிச் செல்கின்றோம்.

மல்ற்றிக்ஸ் பணியிலிருந்து பெல் ஆய்வுகூடம் விலகிய 1969இல், அங்கிருந்த கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் என்னும் சிறு முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் முதல் வடிவத்திற் கோப்புறைகள் இருந்தன; ஆனால் சாய்கோட்டால் தொடுத்தெழுதும் வழிப்பெயர் இருக்கவில்லை. அயலிலுள்ள கோப்புறையின் கோப்பு வேண்டுமாயின் ஒன்றில் அங்கே இடம்பெயர வேண்டும், அன்றேல் அதற்கோர் இணைப்பை இங்கே உண்டாக்க வேண்டும். இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பிற்காலத்தில் றிச்சியே எழுதிவைத்துள்ளார். ஒரு செயலிலிருந்து மற்றொரு செயலைக் கிளைக்கச் செய்யும் புதிய ஏற்பாட்டை முறைமையிற் புகுத்தியதும், அதுவரை ஒழுங்காக இயங்கிய 'கோப்புறை மாற்று' என்னும் கட்டளை திடீரெனப் பயனற்றுப் போயிற்று. கட்டளையைத் தந்தால் பிழை எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் நிற்குமிடம் மட்டும் மாறவில்லை. நெடுநேரம் நிரல்வரிகளைத் துருவிய பின்னரே காரணம் விளங்கிற்று. புதிய ஏற்பாட்டின்படி ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கிளைச்செயல் பிறக்கின்றது. அக்கிளைச்செயல் தன் பணியிடத்தை மாற்றிக்கொண்டு உடனே மடிந்துவிடுகின்றது. அதனைப் பெற்ற தாய்ச்செயலோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. இதன் பின்னர் அக்கட்டளை தனிச் செய்நிரலாக அமையாது, கட்டளைகளை ஏற்கும் ஓட்டின் உட்கூறாகவே அமைக்கப்பட்டது. இன்றும் அது அவ்வாறே உள்ளது. நிற்குமிடம் என்பது கோப்புக்கு உரியதன்று, பயனாளருக்கும் உரியதன்று, இயங்கும் ஒவ்வொரு செயலுக்கும் உரியது என்ற உண்மையை யுனிக்ஸை ஆக்கியவர்களே இவ்வாறு இடறித்தான் கற்றனர். ஒரே செய்நிரலை எழுதுகருவியின் பொத்தானை அழுத்தி இயக்குங்கால் ஓரிடத்திலும், கட்டளைவரியில் இயக்குங்கால் வேறோரிடத்திலும் அது 'நிற்பது' ஏன் என வியக்கும் மாணவர் இந்நிகழ்ச்சியை அறிவது நன்று.

1976இல் அதே ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை ஆக்கியதும் ஒரு வீணான காலைப்பொழுதின் விளைவே. அவருடைய நண்பர் ஒருவர் திருத்திய கோப்பை மீளத் தொகுக்க மறந்து, ஏற்கெனவே சரியாக்கிய பிழையை மீண்டும் மீண்டும் தேடிக் களைத்திருந்தார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை ஒரு கோப்பிலேயே எழுதிவைக்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. செயற்றிட்டத்தை அமைத்தல் என இன்று வழங்கும் பணிகள் பலவும் இதன் வழித்தோன்றல்களே.

நுண்கணினிகளின் காலம் வந்ததும் வரலாறு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. 1981இல் வெளிவந்த டொஸ் முறைமையின் முதற் பதிப்பிற் கோப்புறைக்கே இடமில்லை. 10 மெகாபைற்று வன்தட்டுடன் ஐ.பி.எம். நிறுவனத்தின் புதிய கணினி 1983இல் வந்தபோதுதான் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் இடம்பெற்றன. ஆயின் யுனிக்ஸ் கையாண்ட சாய்கோடு டொஸ் கட்டளைகளில் வேறு பணிக்கு ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தது. ஆகவே பின்சாய்கோடு தெரிவுசெய்யப்பட்டது. சிறியதொரு வசதி நோக்கிய இம்முடிவு நாற்பது ஆண்டுகளாக இடர் விளைத்து வருகின்றது. சி மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலும் பின்சாய்கோடு ஒரு மறைகுறி. அதன் பின் உரோமன் 'டி' எழுத்து வரின் அது தாவல் இடைவெளியாகும், 'என்' எழுத்து வரின் புதுவரியாகும். தமிழ் என்பதை உரோமன் எழுத்தில் எழுதிக் கோப்புறைக்குப் பெயராக இட்ட மாணவரின் செய்நிரல் கோப்பைக் காணாது திகைப்பதற்குக் காரணம் இதுவே. மொழியின் முதலெழுத்தைப் பின்சாய்கோடு விழுங்கிவிடுகின்றது! 1995இன் விண்டோஸ் பதிப்பு பெயர்களுக்குள் வெற்றிடத்தை அனுமதித்ததால், ஒரே வழிப்பெயரை இரண்டாக முறித்துப் படிக்கும் பழைய கருவிகளின் தொல்லையும் சேர்ந்தது.

சார்பு முகவரியின் வலிமையும் வலுவின்மையும் எத்தகையன என்பதற்குக் கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளே சான்று பகரும். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, அதற்கு முன்னர் கோப்பிக் காலத்திலும், தோட்டத் தொழிலாளரின் இருப்பிடம் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, இத்தனையாம் லயம், இத்தனையாம் காம்பரா என்றே சுட்டப்பட்டது. தோட்டத்துக்குள் நிற்பவர்க்கு இது போதும். வெளியிலிருந்து வரும் கடிதத்துக்கோ தோட்டத்தின் அலுவலகமே முகவரி. அதற்கப்பால் வழிப்பெயர் இல்லை. ஒரே பெயருடையோர் பலர் வாழும் தோட்டத்தில் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் நாள் கடந்து கைசேர்வதும், சேராமலே போவதும் மலையகம் நன்கறிந்த துயரங்கள். வேரிலிருந்து கிளை நுனி வரை முழுமையான முகவரி தமக்கும் வேண்டுமென அம்மக்கள் கேட்பது வெறும் வசதி கருதியன்று. கணினியிற் காணாமற்போவது கோப்பு. இங்கே காணாமற்போவது ஒருவரின் தொழில் வாய்ப்பு.

செயற்றிட்டங்களுக்கு இன்று கையாளப்படும் பரிகாரங்கள் இவ்வரலாற்றினின்று இயல்பாகவே பெறப்படுவன. பிழை தோன்றியதும் செய்நிரல் தான் நிற்கும் பணியிடத்தை அச்சிடச் செய்தலே முதற்படி. பெரும்பாலான ஐயங்கள் அங்கேயே தீரும். தன் கணினியின் முழு முகவரியைச் செய்நிரலில் எழுதுதல் தகாது. அது பிறர் கணினியில் இல்லாத ஊரின் பெயர். நிற்குமிடத்தைச் சார்ந்து எழுதுவதும் உறுதியற்றது. செய்நிரற் கோப்பு தான் உறையும் இடத்தைத் தானே அறிந்து, அங்கிருந்து ஏனையவற்றுக்கு வழி கணித்தலே நிலைத்த முறை. இது வீலரின் உபாயமன்றி வேறன்று. பைதன் மொழியின் 3.4ஆம் பதிப்பு, 2014இல், வழிப்பெயரை வெறும் எழுத்துத் தொடராகக் கொள்ளாது தனிப் பொருளாகக் கையாளும் நூலகத்தைத் தந்ததனால் சாய்கோட்டுத் தொல்லையும் பெரிதும் குறைந்தது. அம்மொழியின் மெய்நிகர்ச் சூழலை அப்படியே படியெடுத்து நண்பருக்குக் கொடுப்போர் ஒன்றை மறக்கின்றனர். அச்சூழல் தான் பிறந்த கோப்புறையின் முழு முகவரியைத் தன்னுள் பொறித்து வைத்திருக்கின்றது. எடுத்துச் செல்ல வேண்டியது அதனையன்று, அதிலுள்ள பொதிகளின் பட்டியலை. சூழலைப் புதிய இடத்தில் மீளக் கட்டுதல் வேண்டும்.

தமிழிற் கோப்புக்குப் பெயரிடுவோர்க்கு மட்டுமே உரிய இடர்கள் சில உண்டு; அவை பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுகின்றன. பாமினி எழுத்துரு வழக்கிலிருந்த காலத்தில் திரையிலே தமிழ் தோன்றினும் உள்ளே இருந்தவை உரோமன் குறிகளே. மெய்யெழுத்தின் புள்ளி அதில் அரைப்புள்ளிக் குறியாகச் சேமிக்கப்பட்டது. யுனிக்ஸ் கட்டளைவரியில் அரைப்புள்ளி ஒரு கட்டளையின் முடிவைக் குறிப்பது. ஆகவே அவ்வழியே பெயரிட்ட கோப்பு முதல் மெய்யெழுத்திலேயே துண்டாகும். 1991இல் யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்று, காலப்போக்கில் அந்நெறி பரவிய பின் இக்குழப்பம் நீங்கியது. எனினும் வேறொன்று புகுந்தது. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். 1998இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் கோப்பு முறைமை அதனை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் தந்ததைத் தந்தவாறே காக்கின்றது. எனவே 'கொழும்பு' என்னும் பெயருடைய இரு கோப்புகள் ஒரே கோப்புறையில் அருகருகே இருத்தல் கூடும். கண்ணுக்கு அவை ஒன்று, கணினிக்கு அவை இரண்டு. பழைய கோப்பொன்றின் பெயரை முன்னே வைத்துக்கொண்டு அதனைத் தட்டச்சு செய்து தேடுவோர்க்கு அது அகப்படாது போவதற்கு இதுவும் ஒரு காரணம். தேடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கும் ஒரு வரியைச் செய்நிரலிற் சேர்த்தால் இது தீரும்.

பெயரின் நீளமும் கருதத்தக்கது. லினக்ஸ் முறைமைகளில் ஒரு பெயர் 255 பைற்றுக்களுக்கு மேற்படலாகாது. பரவலாக வழங்கும் யூனிகோட் குறிமுறையில் உரோமன் எழுத்துக்கு ஒரு பைற்று போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் 255 எழுத்துக்களுக்குக் கிடைக்கும் இடம் தமிழில் 85 குறிகளுக்கே கிடைக்கின்றது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் எழுத்துக்களாகக் கொள்ளின் இன்னுங் குறையும். விண்டோஸ் கணினியில் நூலின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் பெயரிட்டு ஒழுங்காகச் சேமித்த தமிழ் ஆவணம், லினக்ஸ் சேவையகத்துக்கு மாற்றப்படும்போது ஏற்றுக்கொள்ளப்படாது விடப்படுவது இதனாலேயே. பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேண முனைவோர், பெயரைச் சுருக்கமாக எண்ணால் இட்டு, தலைப்பைத் தனியொரு பட்டியலிற் பதிவது வழக்கம். நூலகத்தில் அடுக்கெண்ணைக் கொண்டு நூலைத் தேடியெடுப்போர்க்கு இம்முறை அந்நியமானதன்று.