புது வீட்டுத் தோட்டத்துல தண்ணி தேங்குதா? மணல் கொட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புது வீட்டுக்குக் குடிபோன கையோட செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலைன்னு ஆசையா வாங்கி நட்டிருப்பீங்க. ஐப்பசி மழையில தோட்டம் குளமாகும். மேல்மண் காய்ஞ்ச பிறகும் இலைகள் வாடித் தொங்கும். 'தண்ணி பத்தலை போல'ன்னு இன்னும் ரெண்டு குடம் ஊத்துவோம். செடி செத்துப்போறது பெரும்பாலும் அப்போதான்!

வேருக்குத் தண்ணி மாதிரியே காற்றும் வேணும். வீடு கட்டின மாசமெல்லாம் லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கினதுல, மண்ணுக்குள்ள இருந்த காற்று இடைவெளிகள் நசுங்கிடும். சென்னை பள்ளிக்கரணை பக்கம் மாதிரி களிமண் பகுதின்னா கேட்கவே வேணாம்.

முதல்ல ஒரு சோதனை. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்துல குழி வெட்டி, தண்ணி நிரப்பி வடிய விடுங்க. மறுநாள் திரும்ப நிரப்புங்க. ஒரு மணி நேரத்துல ஓர் அங்குலம்கூட இறங்கலைன்னா, வடிகால் சரியில்லைன்னு அர்த்தம். மொட்டைமாடித் தண்ணி தோட்டத்துலயே விழுதான்னும் பாருங்க. குழாயை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினாலே பாதிப் பிரச்னை தீரும்.

களிமண் இளகட்டும்னு மணல் கலக்குறது நாம பண்ற பெரிய தப்பு. கொஞ்சமா கலந்தா செங்கல் மாதிரி இறுகிடும். மட்கிய தொழுவுரம், இலைமட்கு போட்டாதான் மண் பொலபொலன்னு ஆகும். அதுக்கு முன்னாடி கடப்பாரையால ஓர் அடிக்குக் கிளறி, புதைஞ்சு கிடக்கிற ஜல்லி, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கிடுங்க. சிமென்ட் மண்ணோட காரத்தன்மையை ஏத்திவிடும்.

கூலி ஆள் இல்லாம வேலை நடக்கணுமா? தக்கைப்பூண்டு விதைங்க. தண்ணி தேங்கினாலும் தாங்கும். சென்ட்டுக்குக் கால் கிலோ விதை போதும். சுமார் 45 நாள்ல, பூக்குற நேரத்துல வெட்டி மண்ணோட மடக்கிடுங்க. வேர் இறங்கின வழியில தண்ணியும் இறங்கும். ஒரே சீசன்ல மாயம் நடக்காது. ரெண்டு மூணு தடவை பண்ணணும்.

அதுவரைக்கும் காய்கறிக்கு ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டுக்கலாம். பள்ளமான மூலையில கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் வைங்க. ஈரத்துக்கு அசராத ஆளுங்க. ஒண்ணு மட்டும், மழை விட்ட உடனே மண்வெட்டியோட இறங்காதீங்க. ஈரக் களிமண்ணை மிதிச்சா மறுபடி இறுகிடும். கையில பிடிச்ச மண் ஒட்டாம உதிர்ற வரை காத்திருங்க.