மாணவர் கையால் விரிந்த வலை

கல்வியை ஏட்டுக் கல்வி என்றும் தொழிற் கல்வி என்றும் பகுத்து, முன்னதை உயர்ந்ததாகவும் பின்னதைத் தாழ்ந்ததாகவும் எண்ணும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைத்தான் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று கருதும் பெற்றோரை இன்றும் காணலாம். ஆயின், உலகையே பிணைத்து நிற்கும் இணைய வலையின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு இப்பகுப்பு எத்துணைப் பிழையானது என்பது நன்கு விளங்கும். இணையப் பக்கம் வடிவமைத்தல் நூல்களைப் படித்து மட்டும் எவரும் கைவரப்பெற்ற கலையன்று. செய்து பார்த்தும், தவறிழைத்தும், திருத்தியும் கற்ற கலையாகும். அதனை வளர்த்தவருள் கல்லூரி மாணவர்க்குத் தனியிடம் உண்டு. தமிழை அதில் ஏற்றியவருள்ளும் ஓர் ஆசிரியர்க்குத் தனியிடம் உண்டு.

தொடக்கமும் ஒரு மாணவியும்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடக்கும் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்க வழி காண்பதே அத்திட்டம். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதல் உலாவியை அவர் உருவாக்கி முடித்தார். அதனைக் கொண்டு பக்கங்களைப் படிக்கவும் இயலும், எழுதவும் இயலும். ஆயினும் ஒரு குறை இருந்தது. அவ்வுலாவி நெக்ஸ்ட் என்னும் ஒருவகைக் கணினியில் மட்டுமே இயங்கியது. அக்கணினியை உடையோர் மிகச் சிலரே.

அக்குறையை நீக்க முனைந்தவர் நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி. இங்கிலாந்தின் லெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதம் பயின்று வந்த அவர், படிப்பின் இடையே வரும் தொழிற்பயிற்சிக் காலத்தைக் கழிக்க 1990ஆம் ஆண்டு நவம்பரில் செர்ன் வந்து சேர்ந்தார். எத்தகைய எளிய கணினித் திரையிலும் வரி வரியாக எழுத்தைக் காட்டவல்ல உலாவி ஒன்றை அவர் எழுதினார். ஓர் ஆய்வு நிலையத்தின் சில மேசைகளில் முடங்கிக் கிடந்த வலையைப் பலவகைக் கணினிகளுக்கும் கொண்டு சென்றது அவ்வுலாவியே. பயிற்சிக்கு வந்த மாணவியின் கைவேலை உலக வரலாற்றில் இடம்பெற்றது.

பல்கலைக்கழகங்களின் பங்கு

இது தனித்து நின்ற நிகழ்ச்சியன்று. 1992ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் நால்வர், தம் படிப்பின் பகுதியாக எர்வைஸ் என்னும் உலாவியை உருவாக்கினர். அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெய்-யுவான் வெய், வயோலா என்னும் உலாவியை வெளியிட்டார். 1993ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினி மையத்தில், மாணவராக இருந்த மார்க் ஆண்டிரீசனும் அங்குப் பணிபுரிந்த எரிக் பினாவும் மொசைக் என்னும் உலாவியைப் படைத்தனர். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் அருகருகே தோன்றும் காட்சியை மக்கள் பரவலாகக் கண்டு வியந்தது மொசைக்கின் வாயிலாகவே. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், வலையின் அடிப்படை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. வலையின் விரைந்த வளர்ச்சிக்கு இவ்விரண்டும் பெருந்துணை புரிந்தன.

மூலத்தைப் பார்த்துக் கற்றல்

மொசைக் உலாவியால் பக்கத்தைப் படிக்க முடிந்ததேயன்றி எழுத முடியவில்லை. ஆயினும் ஒரு பக்கம் எக்குறிகளால் ஆக்கப்பட்டுள்ளது என்பதைத் திறந்து காட்டும் வசதி உலாவிகளில் இருந்தது. தச்சன் செய்த நாற்காலியைக் கழற்றிப் பார்த்தால் மூட்டுகள் எவ்வாறு பொருந்தின என்பது தெரியும் அல்லவா? அதுபோலவே உலகின் எந்தப் பக்கத்தையும் கற்பவர் பிரித்துப் பார்க்க முடிந்தது. பாடநூல்கள் அரிதாக இருந்த அந்நாளில், ஆயிரக்கணக்கானோர் இம்முறையிலேயே எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கற்றனர். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதி, ஒரு சொல்லை மாற்றி, விளைவைக் கண்டு தெளிந்தனர்.

பார்த்துக் கற்பதில் நன்மையோடு தீமையும் கலந்திருந்தது. எண்களையும் விவரங்களையும் வரிசைப்படுத்துவதற்கென அமைந்த அட்டவணைக் குறிகளைப் பக்கத்தை அழகாகப் பகுப்பதற்குப் பயன்படுத்தும் வழக்கம் 1990களின் நடுவில் பரவியது. கண்ணுக்குப் பக்கம் அழகாகத் தோன்றியது. ஆனால் எது தலைப்பு, எது பத்தி என்பது கணினிக்கு விளங்கவில்லை. பார்வையற்றோர்க்குப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்களும் தடுமாறின. இதற்கு மாற்றாக, பொருளையும் தோற்றத்தையும் பிரித்து எழுதும் முறையை நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். சி.எஸ்.எஸ். எனப்படும் அம்முறை 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வெளிவந்தது. உடற்குறையுடையோரும் பக்கங்களைப் பயன்படுத்தத்தக்க வகையில் அமைப்பதற்கான நெறிகள் 1999 மே மாதத்தில் வெளியிடப்பட்டன.

பட்டறையில் நிகழ்வது

கல்லூரிகளில் இக்கலை பாடமான பின்னரும் அதன் இயல்பு மாறவில்லை. மாணவர் முதலில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறக்கிறார். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றுக்குரிய குறிகளைத் தட்டெழுதுகிறார். சேமித்து உலாவியில் திறந்து பார்க்கிறார். ஒரு குறியை மூட மறந்திருந்தால் பக்கத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் தடித்த எழுத்தாகிவிடக்கூடும். படத்தின் கோப்புப் பெயரில் பெரிய ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எழுத்து இடப்பட்டிருந்தால், வகுப்பறைக் கணினியில் தோன்றிய படம் வழங்கிக் கணினியில் ஏற்றியதும் மறைந்து போகக்கூடும். இத்தகைய பிழையை விரிவுரையால் உணர்த்துவது அரிது. ஒருமுறை தாமே தேடிக் கண்டுபிடித்த மாணவர் அதனை எளிதில் மறவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இப்பாடத்திற்கு முற்றும் பொருந்தும்.

தமிழ் ஏறிய வகை

இக்கலை தமிழுக்கு வந்த வரலாறு சிங்கப்பூருடன் நெருங்கிய தொடர்புடையது. தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் தமிழ் விசைப்பலகையையும் எழுத்துருவையும் உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீ முதலியோருடன் அவர் இணைந்து உழைத்தார். அதன் பயனாக, 1995ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற நான்மொழிக் கவிதை இணையதளத்தில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. தமிழில் எழுந்த மிகத் தொடக்ககால இணையப் பக்கங்களுள் அவையும் அடங்கும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு மென்பொருளை வளர்த்து வந்தார். 1997 மே மாதத்தில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணையக் கருத்தரங்கு கூடியது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மறு ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின்போது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

அம்முன்னோடிகள் எதிர்கொண்ட இடர் பெரிது. அக்காலப் பொதுக் கணினிகளில் தமிழுக்கெனத் தனி எண்கள் வழக்கில் இல்லை. பிற எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்தே எழுத்துருக்கள் அமைந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கவிதை பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவால் படிக்கவும் இயலவில்லை. யூனிகோடு என்னும் பொது எண்முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே அது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. பழைய பக்கங்களுள் மாற்றப்படாதவை இன்றைய கணினியில் படிக்க இயலாதனவாகிவிட்டன. அட்டவணையால் அழகுபடுத்திய பக்கத்திற்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் தோற்றம் இருந்தது. கணினி உணரத்தக்க பொருள் இல்லை. முன்னோடிகள் அவ்வழியை மேற்கொண்டது வேறு வழியின்மையால் ஆகும்.

ஆசிரியர் கடமை

இன்று அவ்வழியில் செல்லவேண்டிய தேவை இல்லை. ஆயினும் தமிழ் எழுத்துகளைப் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. படமாகிய தமிழ், எழுத்தாக மாற்றப்படாதவரை, தேடுவோர்க்கு எளிதில் அகப்படாது. உரிய விளக்கம் சேர்க்காவிடில் பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டவும் படாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று ஒரு குறியால் அறிவிப்பதும், தலைப்பைத் தலைப்பாகவே குறிப்பதும் சில நிமிட வேலைகளே. அவற்றை அறியாதார் அமைத்த பக்கத்தில் தமிழ் வெறும் காட்சிப் பொருளாகவே நிற்கும்.

குறிகளைத் தாமே எழுதித் தரும் கருவிகள் பெருகியுள்ள இந்நாளில் கையால் எழுதிக் கற்பது எதற்கு என்ற வினா எழலாம். கருவி தந்தது சரியா தவறா என்று சொல்லக் கற்றவர் ஒருவர் வேண்டும். தமிழின் ஒழுங்கை அறிந்தவர் தமிழாசிரியரே ஆதலின், அப்பணி அவரையே சாரும். ஒரு தமிழாசிரியர் கணினிப் பொறியாளருக்காகக் காத்திராமல் தாமே விசைப்பலகையை வகுக்க முன்வந்தமையால் தமிழ் வலையில் முந்தி இடம்பெற்றது. இன்றைய மாணவர் ஒருவர் தம் பள்ளியின் வரலாற்றையோ பாட்டியிடம் கேட்ட கதையையோ ஒரே ஒரு பக்கமாகத் தம் கையால் அமைத்துப் பார்ப்பாராயின், அவ்வழியில் அவரும் முதல் அடி எடுத்து வைத்தவராவார்.