போர்ட் பிளேயரிலிருந்து ஒரு குரல்

அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பிறர் ஒருவருக்காகத் தம் உயிரை ஈந்த மறைசாட்சியாகவே புனித மாக்ஸிமிலியன் கோல்பேயை நாம் அறிவோம். அவருக்கு மற்றொரு முகமும் உண்டு. போலந்து நாட்டில் தாம் நிறுவிய துறவு மடத்தில் 1938-ஆம் ஆண்டு சிறு வானொலி நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். அதன் அழைப்புக்குறி எஸ்.பி.3.ஆர்.என். ஆகவேதான் 'ஹாம்' வானொலி அன்பர்கள் பலர் அவரைத் தம் பாதுகாவலராகப் போற்றுகின்றனர்.

ஹாம் என்போர் ஊதியம் பெறுவோர் அல்லர். தேர்வெழுதி, அரசு உரிமம் பெற்று, சொந்தச் செலவில் கருவி அமைத்து, கடல் கடந்த முகமறியா நண்பர்களோடு உரையாடுவோர். இது பொழுதுபோக்குதானே என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

பாதுகாப்பைக் கருதி, அந்தமான் தீவுகளில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இவர்களுக்கு அனுமதி இல்லை. நெடுநாள் முயற்சிக்குப் பின் 2004 டிசம்பரில், ஐதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த திருமதி பாரதி பிரசாத்தின் தலைமையில் ஒரு சிறு குழு போர்ட் பிளேயர் சென்றது. அரிதான அத்தீவோடு பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் அன்பர்கள் இரவு பகலாகக் காத்திருந்தனர். நோக்கம் அவ்வளவே, பேரிடரை எவரும் நினைக்கவில்லை.

டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது, அளவு 9.1. தொடர்ந்து ஆழிப்பேரலை. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே சிதைந்தது. மின்னிணைப்பும் கம்பியும் கோபுரமும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் ஊமையாகும். சிற்றலை வானொலிக்கோ ஒரு மின்கலமும், உயரத்தில் கட்டிய ஒரு கம்பியும் போதும். அலை வான்மண்டல மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும்.

விளையாட்டை நிறுத்திய குழுவினர் நிர்வாக அலுவலகத்தில் நிலையம் அமைத்தனர். சிலர் கார் நிக்கோபாருக்கும் சென்றனர். பெயர், ஊர், "உயிருடன் உள்ளார்" என்னும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றும் எழுதப்பட்டு, எழுத்தெழுத்தாக உச்சரிக்கப்பட்டு, மறுமுனையில் மீண்டும் படித்துச் சரிபார்க்கப்பட்டது. ஒரு பெயரில் ஓரெழுத்து பிறழ்ந்தால் வேறொரு வீட்டில் பொய்யான மகிழ்ச்சி புகுந்துவிடும் அல்லவா? பெருநிலத்து அன்பர்கள் அச்செய்திகளை வீடுகளுக்குச் சேர்த்தனர். தலைமுறைகளாக அத்தீவுகளில் வாழும் தமிழர் பலர். அவர்தம் உறவினர் இக்கரையில் தவித்த நாள்கள் அவை.

2001-இல் கச்சு நிலநடுக்கத்தின்போதும் இத்தகையோர் விரைந்து சென்று பணி செய்தனர். எனினும் அங்கே அவர்கள் பேரிடருக்குப் பின் சென்றவர்கள். அந்தமானிலோ அது வந்தபோதே அங்கிருந்தவர்கள். உரிமம் இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் அக்குரல் அங்கு இருந்திராது என்பதை நினைக்கும்போது, அலுவலகக் கோப்புகளில் உறங்கும் விண்ணப்பங்கள் மீது எனக்கு ஓர் அச்சம் உண்டாகிறது.

2006 ஏப்ரலில் போர்ட் பிளேயரில் ஹாம் அன்பர்களின் மாநாடு கூடியது. இம்முறை வெளிநாட்டவரும் அங்கிருந்து ஒலிபரப்ப அரசு இசைந்தது.