திருவாசகமும் சிம்பொனியும்: ஒரு விவாதம் கற்பித்த பாடம்



2005-ஆம் ஆண்டின் பிற்பகுதி. கோலா சாவா வட்டாரத் தோட்டக் கோவில் ஒன்றில் வெள்ளிக்கிழமைத் தேவார வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி திருப்பொற்சுண்ணப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கினாள். வகுப்பில் கற்ற பண்ணில் அன்று. அவள் அண்ணன் வாங்கி வந்த குறுந்தட்டில் கேட்ட மெட்டில். தேவார ஆசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மா, இது சாமி பாட்டு. சினிமா மெட்டுல பாடக்கூடாது" என்றார். மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த தந்தையோ, "ஐயா, இது சினிமாப் பாட்டு இல்லிங்க. திருவாசகத்துக்குன்னே இளையராஜா போட்ட இசைங்க" என்றார். அன்று கோவிலில் தொடங்கிய அந்தப் பேச்சு, திங்கட்கிழமை எங்கள் ஆசிரியர் அறைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த விவாதம் எங்கள் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழர் வாழும் நாடெங்கும் இளையராஜாவின் இரசிகர்களையும் சைவ அன்பர்களையும் அது இரு கூறாக்கியது. அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

1976-இல் 'அன்னக்கிளி' படத்தின்வழி அறிமுகமான இளையராஜா, திரையிசைக்கு வெளியேயும் முயற்சிகள் செய்தவர். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' ஆகிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். 1993-இல் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அவர் பதிவு செய்த சிம்பொனியோ வெளிவரவில்லை. ஆகவே இரசிகர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பசியோடு காத்திருந்தனர் எனலாம்.

இந்நிலையில் 2005 ஜூன் 30 அன்று சென்னையில் 'திருவாசகம் இன் சிம்பொனி' வெளியீடு கண்டது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். தமிழ் மையத்தின் சார்பில் கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர் இம்முயற்சியை முன்னெடுத்தார். தொகுப்பில் ஆறு பாடல்கள் இடம்பெற்றன.

எதிர்ப்புகள் பல திசைகளிலிருந்து எழுந்தன. இது சிம்பொனியே அன்று என்றனர் மேலை இசை அறிந்தோர். சிம்பொனி பொதுவாகக் கருவியிசையால் அமைவது. சமயப் பாடலைப் பாடகரும் குழுவினரும் இசைக்குழுவோடு சேர்ந்து பாடுவதற்கு 'ஓரட்டோரியோ' என்று தனிப்பெயர் உண்டு. இக்கூற்றில் நியாயம் உண்டு. தலைப்பிலேயே 'சிம்பொனியில் திருவாசகம்' என்றுதானே உள்ளது என்று இரசிகர் சிலர் விடையிறுத்தனர். பழைய திரைப்பாடல்களின் இனிமையைத் தேடியவர்களுக்கோ இதன் கனம் அயலாகத் தோன்றியது.

சைவ அன்பர்களின் குறை வேறு. ஓதுவார் மரபில் திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுவது வழக்கம். அம்முறையில் இசை அடங்கி நிற்கும். சொல் முன்னே நிற்கும். பேரிசைக் குழுவின் முழக்கத்தில் சொல் அமிழ்ந்துவிடாதா என்று அவர்கள் கேட்டனர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. 51 பகுதிகள் கொண்ட நூலிலிருந்து சில பாடல்களை மட்டும் எடுத்தாலும், நூலின் முழு ஓட்டம் கிட்டாது.

பாதிரியார் ஒருவருக்குத் திருவாசகத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களும் இருந்தனர். அவர்கள் ஜி.யு. போப்பை மறந்துவிட்டனர். கிறித்துவ சமயப் பணியாளரான அவரே 1900-இல் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர்.

மணிவாசகர் எடுத்த மெட்டுகள்

விவாதத்தில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. திருவாசகத்தின் பகுதித் தலைப்புகளைப் பாருங்கள்: திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருப்பொன்னூசல். இவற்றுள் பெரும்பாலானவை பெண்கள் காய் வீசி ஆடியபோதும், உரலில் இடித்தபோதும், பூக் கொய்தபோதும், ஊஞ்சல் ஆடியபோதும் பாடிய பாட்டு வகைகள். மணிவாசகர் தம் காலத்து எளிய மக்களின் பாட்டு வடிவங்களை எடுத்து, அவற்றில் சிவபெருமானைப் பாடினார். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த இளையராஜா அந்நூலைத் தொட்டதை, வேற்றாள் ஒருவரின் அத்துமீறலாகக் கொள்ள இயலுமா?

சயாம் தரும் எச்சரிக்கை

நம் அண்டை நாட்டிலும் ஒரு சான்று உள்ளது. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் பாங்காக்கில் 'திரியம்பாவாய் திரிபாவாய்' என்னும் சடங்கை நடத்திவருகின்றனர். பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிப்பதை உணரலாம். சடங்கின் ஒரு பகுதியாக இருந்த பெரிய ஊஞ்சல் ஆட்டம் 1935-இல் நின்றுபோயிற்று, ஓதுதல் நிற்கவில்லை. ஆனால் அங்கே ஓதப்படும் தமிழ், வழிவழியாக ஒலி திரிந்து, பொருள் விளங்காத மந்திரமாகிவிட்டது. அவர்கள் பக்தியில் குறை வைக்கவில்லை, மரபையும் கைவிடவில்லை. பொருள் சொல்லித்தர ஆள் இல்லாமற் போனதே காரணம்.

இதையே அன்று ஆசிரியர் அறையில் சொன்னேன். நம் பிள்ளைகள் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவிற்காகப் பாடல்களைப் பிழையின்றி மனனம் செய்கின்றனர். பாடி முடித்ததும் பொருளைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வர்? மெட்டு மாறுவதைவிட, பொருள் மறைவதே நாம் அஞ்ச வேண்டிய இழப்பு.

பிறகு நடந்தது

அடுத்த வாரம் அந்த மாணவியிடம், "பொற்சுண்ணம் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். விழித்தாள். பாட்டியிடம் கேட்டு வருமாறு அனுப்பினேன். எழுதப் படிக்கத் தெரியாத, பால்மரம் சீவிக் குடும்பத்தைக் காத்த மூதாட்டி அவர். இறைவன் திருமுழுக்கிற்காகப் பெண்கள் கூடி இடிக்கும் வாசனைப் பொடி அது என்று நான் விளக்கியதைப் பேத்தி போய்ச் சொன்னாளாம். உடனே பாட்டி, லயத்து வீடுகளில் பெண்கள் சேர்ந்து மாவிடித்தபோது பாடிய பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினாராம். "ஐயா, உலக்கை விழும்போது பாட்டும் சேர்ந்து விழுது" என்றாள் மாணவி. அவள் சொன்னதைவிடச் சிறந்த உரையை நான் எங்கும் படித்ததில்லை.

விழாவில் அவள் பண்ணோடுதான் பாடினாள். தேவார ஆசிரியர் மகிழ்ந்தார். வீட்டில் குறுந்தட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

2025 மார்ச் 8 அன்று இளையராஜா தம் 'வேலியண்ட்' சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றியபோது பழைய விவாதம் மீண்டும் நினைவுக்கு வந்தது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு எந்த மெட்டு பிடித்திருந்தாலும் பாட விடுங்கள். பாடி முடித்ததும் பொருளை மட்டும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து எங்களிடம் வாருங்கள்.