வாங்க மறுத்த வாடகை

வாடகை கொடுக்காவிட்டால் வழக்கு வரும், தெரிந்ததுதான். வாடகையை வாங்க மறுப்பதில் ஆரம்பித்த வழக்குகளும் சென்னையில் உண்டு. அது எப்படி என்கிறீர்களா?

மயிலாப்பூரில் ஒரு பழைய 'ஸ்டோர்' வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கிணறு, நீளமான நடை, இரண்டு பக்கமும் போர்ஷன்கள். முதல் தேதியன்று குடித்தனக்காரர் பணத்தை நீட்டுகிறார். வீட்டுக்காரர், "இப்ப என்ன அவசரம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரிக்கிறார். பெருந்தன்மை என்று நினைத்தால் தொலைந்தீர்கள். நாலு மாதம் கழித்து, 'வாடகை பாக்கி, காலி செய்யவும்' என்று வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கும்!

இந்த ஆட்டத்தின் விதிகள் யுத்த காலத்தில் பிறந்தவை. 1941-லேயே மெட்ராஸில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துவிட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயந்து ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் ஆட்கள் வந்தார்கள், வீடுகள்தான் போதவில்லை. யுத்தம் முடிந்தும் உத்தரவு முடியவில்லை. 1946-ல் சட்டமாயிற்று, 1949-ல் இன்னொன்று, கடைசியில் 1960-ம் வருஷத்து 18-ம் எண் சட்டம். ஐம்பத்தெட்டு வருஷங்களுக்கு மேல் தி.நகரையும் மயிலாப்பூரையும் அடையாறையும் ஆட்டிவைத்த சட்டம் இதுதான்.

அந்தச் சட்டத்தில் வழக்கு நடந்த இடம், ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். பெயரில்தான் 'சிறு'. முதலில் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. 'ஆர்.சி.ஓ.பி.' என்று சொன்னால் அங்கே டீக்கடைக்காரருக்கும் புரியும். தோற்றவர் அப்பீல் போவார். அதிலும் தோற்றால் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு. வசதியும் வைராக்கியமும் மிச்சமிருந்தால் டெல்லி. இதற்குள் மனு போட்டவர் காலமாகி, பிள்ளைகள் கட்சிக்காரர்களாக உள்ளே வருவதும் உண்டு. ஜெயித்தாலும் சாவி தானாகக் கைக்கு வராது. அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும்.

சரி, நம் குடித்தனக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? சட்டத்தின் 8-வது பிரிவு படிக்கட்டு மாதிரி வழி சொன்னது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், 'பத்து நாளுக்குள் ஒரு பேங்க் பெயரைச் சொல்லுங்கள், அங்கே கட்டுகிறேன்' என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதில் இல்லையா, மணியார்டர். (மணியார்டர் கமிஷனை வாடகையில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பலாம் என்றுகூட எழுதிவைத்திருந்தார்கள். பி.காம். படித்த எனக்கு இந்த வரியின் மேல் தனிப் பிரியம்.) அதுவும் திரும்பி வந்தால்தான் அதிகாரியிடம் மனுப் போட்டுப் பணத்தைக் கட்ட முடியும்.

பணம் கட்டியாயிற்றே, படி தாண்டினால் என்ன என்று கேட்காதீர்கள். அப்படி நடுப்படிகளைத் தாண்டி நேரே பணத்தைக் கட்டிய தமிழ்நாட்டுக் குடித்தனக்காரர் ஒருவரின் வழக்கில், சட்டம் சொன்ன வரிசையில் போனால்தான் பாதுகாப்பு என்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. பணத்தை ஏமாற்ற நினைக்காதவர்கூட வீட்டை இழக்கலாம். இதில் நியாயம் கொஞ்சம் குறைச்சல்தான் என்பது என் கட்சி.

இன்னொரு பெரிய சண்டை 'வேண்டுமென்றே' என்கிற ஒரு வார்த்தையைப் பற்றி. வாடகை பாக்கி இருந்தால் மட்டும் போதாது, வேண்டுமென்றே வைத்த பாக்கியாக இருக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1985-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஃபஸல் அலி தீர்த்துவைத்தார்: இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லையென்றால் வேண்டுமென்றேதான், நோட்டீஸே கொடுக்கவில்லையென்றால் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதன்பிறகு வக்கீல்கள் முதலில் கேட்கும் கேள்வி, "நோட்டீஸ் கொடுத்தீங்களா, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வெச்சிருக்கீங்களா?"

வீட்டுக்காரர்களை மட்டும் வில்லனாக்குவது சரியில்லை. ரிட்டயரான ஒருவர் தன் வீட்டுக்குத் தானே குடிவர ஆசைப்பட்டால், இதே ஊரில் தனக்குச் சொந்தமான வேறு வீட்டில் குடியிருக்கவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதே வீட்டில் ஒரு பகுதியில் இருந்துகொண்டு, பிள்ளைக்குக் கல்யாணமாயிற்று, கூடுதல் இடம் வேண்டும் என்றால், அவர் கஷ்டம் பெரிதா குடித்தனக்காரர் கஷ்டம் பெரிதா என்று தராசு வரும். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் வீடுகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது என்று ஒரு விதி இருந்தது. கடைகளுக்கு அந்த வரம்பு இல்லை. வீட்டுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு, 1986-ல் சுப்ரீம் கோர்ட் அதை அடித்துப்போட்டது. 400 ரூபாயைத் தாண்டினால் பாதுகாப்பில்லை என்று நம்பியிருந்த வீட்டுக்காரர்களின் கணக்கு ஒரே நாளில் மாறிவிட்டது.

2019 பிப்ரவரி 22-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்து, பழையது போயிற்று. இனி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியிருந்தால், அந்தக் காரணத்தை வைத்தே வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். தாத்தா காலத்தில் வெற்றிலை பாக்கு மாற்றி வாய்ப்பேச்சாகக் குடியேறிய குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கையில் ரசீது இருக்கும், மணியார்டர் சீட்டு இருக்கும். ஒப்பந்தம் இருக்காது.